உதிர்ந்த இறகு உரைக்கும் பாடம்

மயிற்பீலியின் மாண்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். போரில் வீழ்ந்த மறவர்க்கு நாட்டிய நடுகல்லிற்குப் பீலி சூட்டிய செய்தியைச் சங்கச் செய்யுட்களிற் காண்கின்றோம். முருகன் திருத்தலங்களில் அடியார் எடுக்கும் காவடிக்குப் பீலி இன்றும் அணியாகின்றது. வலியறிதலை விளக்கப் புகுந்த திருவள்ளுவரும், நொய்மைக்கு எல்லையாகப் பீலியையே எடுத்துக் காட்டினார். இறகு, சிறகு, தூவி, பீலி, தோகை எனப் பல பெயர் வழங்கிய மொழி நம்முடையது. ஆயினும், நிலத்திற் கிடக்கும் இறகொன்றை எடுத்து ஆராயும் பழக்கம் நம்மிடை அருகியே காணப்படுகின்றது. ஆகலின், இறகின் அமைப்பு, நிறம், சேர்க்கும் முறை, சேர்ப்போர் கொள்ளவேண்டிய அறம் ஆகிய நான்கினையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் நகமும் மயிரும் எவ்வகைப் புரதத்தால் ஆயினவோ, அவ்வகைக் கெரற்றின் என்னும் புரதத்தாலேயே இறகும் ஆயது. நடுவே தண்டு, அதன் இருமருங்கும் இழைகள், ஒவ்வோர் இழையிலும் நுண்ணிழைகள், நுண்ணிழைகளிற் கொளுக்கிகள். இக்கொளுக்கிகள் அடுத்த இழையின் நுண்ணிழைகளைப் பற்றிக்கொள்வதனாலேயே இறகு காற்றுப் புகாத தகடாகின்றது. றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1665 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், நுணுக்குக்காட்டியாற் கண்ட இவ்வமைப்பை விவரித்துள்ளார். காகத்தின் இறகொன்றை எடுத்து இழைகளைக் கலைத்துவிடுக. பின் விரல்களால் அடியிலிருந்து நுனிவரை நீவுக. கலைந்தவை மீண்டும் பொருந்துதல் காணலாம். பறவை அலகினாற் கோதுவதும் இதன் பொருட்டே.

இனி நிறம். காகத்தின் கருமை மெலனின் என்னும் நிறப்பொருளால் வருவது. மன்னார் வங்காலைப் பகுதிக்கு வரும் பூநாரையின் இளஞ்சிவப்போ அது உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருளால் வருவது. ஆகவே அதன் குஞ்சு சாம்பல் நிறத்ததாய் இருந்து பின்னரே சிவக்கின்றது. அப்பறவையின் பறப்பிறகுகள் கருநிறம் உடையன. மெலனின் இறகுக்கு உறுதியும் தருமாதலின், தேய்வு மிகுந்த இடத்தில் அந்நிறம் அமைந்தது பொருத்தமே.

பனங்காடையின் நீலமும் மீன்கொத்தியின் நீலமும் வேறு வகையின. ஆங்கு நீல நிறப்பொருள் என ஒன்று இல்லை. இறகினுள் உள்ள மிக நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறச் செய்து நீலத்தை மட்டும் நம் கண்ணுக்கு அனுப்புகின்றது. அவ்விறகைக் கதிரொளிக்கு எதிரே பிடித்து ஊடுருவ நோக்கின் நீலம் மறைந்து மங்கலான பழுப்பே தோன்றும். கிளியின் பசுமை, இத்தகைய நீலமும் மஞ்சள் நிறப்பொருளும் கூடியதால் ஆயது. மயிற்பீலியின் கண்ணிற் பச்சையும் நீலமும் பொன்னிறமும் மாறி மாறித் தோன்றுவதும், நுண்ணிழைகளில் ஒழுங்காக அடுக்கப்பட்ட மெலனின் கோல்களின் இடைவெளி வேறுபாட்டினாலேயாம். மயிலின் தோகையைப் பலர் வால் என்பர். அது வாலன்று, வாலின் மேல் வளரும் மூடிறகுகளே அங்ஙனம் நீண்டுள்ளன. குறிய வால் பின்னின்று தோகையைத் தாங்குகின்றது.

கிடைத்த இறகு எவ்விடத்தது என அறிதலும் எளிதே. தண்டிற் பள்ளம் உள்ள பக்கம் கீழ்ப்பக்கம். அதனைக் கீழாக வைத்து, நுனி நம்மைவிட்டு அப்பால் நோக்குமாறு பிடிக்க வேண்டும். பறப்பிறகாயின் ஒருபுறம் ஒடுங்கியும் மறுபுறம் அகன்றும் இருக்கும். ஒடுங்கிய புறம் இடப்பக்கமாயின் அது வலச்சிறகினது, வலப்பக்கமாயின் இடச்சிறகினது. இருபுறமும் ஒத்த நீண்ட இறகு பெரும்பாலும் வாலின் நடுவிலிருந்து வீழ்ந்ததாம். இறகிற் குறுக்கே மெலிந்த கோடுகள் காணப்படின், அது வளர்ந்த நாளிற் பறவை பசியோ வேறு துன்பமோ உற்றது என்பதற்கு அவை சான்றாகலாம்.

சேர்க்க விரும்பும் மாணாக்கர் இனப்பெருக்கக் காலம் கழிந்த பின் மரநிழலிலும் குளக்கரையிலும் களப்போரத்திலும் தேடுவாராக. அக்காலத்திலேயே பல பறவைகள் பழைய இறகை உதிர்க்கின்றன. ஆண்மயில் ஆண்டுதோறும் தன் தோகையை உதிர்க்கின்றது. இறந்த பறவையைத் தொடுதல் ஆகாது. பறவைக் காய்ச்சல் பற்றிய அச்சம் உண்டு. எடுத்த இறகைப் பையில் இட்டு உறைபெட்டியிற் சில நாள் வைத்தாற் பூச்சிகள் மடியும்; பின் கையை நன்கு கழுவுதல் வேண்டும். தடித்த தாளிற் பொருத்தி, நாள், இடம், அயலிற் கண்ட பறவை ஆகியவற்றை எழுதுக. வெயில் படின் நிறம் மங்கும்; ஆதலின் மூடிய பெட்டியிற் காக்க. குறிப்பில்லாத இறகு அழகுப் பொருள். குறிப்புடைய இறகோ அறிவுச் சான்று.

ஈற்றில் அறம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேனாட்டுப் பெண்டிரின் தொப்பிகளை அணிசெய்ய வெண்கொக்குகள் எண்ணின்றிக் கொல்லப்பட்டன. அவ்வழகிய இறகுகள் கூடுகட்டும் காலத்திலேயே வளர்வன. ஆகவே தாய்தந்தையர் கொல்லப்படக் குஞ்சுகள் கூட்டிற் பசியால் மாண்டன. இக்கொடுமை கண்டு 1889 இல் எமிலி வில்லியம்சன் என்னும் பெருமாட்டி மாஞ்செஸ்ரரிற் பறவைக் காப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1918 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் 1921 இற் பிரித்தானியாவிலும் சட்டங்கள் எழுந்தன. அமெரிக்கச் சட்டம் அந்நாட்டுக் காட்டுப்பறவைகள் பெரும்பாலானவற்றின் உதிர்ந்த இறகை வைத்திருத்தலையும் தடுக்கின்றது. இது மிகை எனச் சிலர் கருதுவர். ஆயின், இறகைக் கண்ட அளவில் அது உதிர்ந்ததோ பறித்ததோ எனத் துணிதல் அரிது. விலை ஒன்று உண்டாயின் உதிரும்வரை காத்திருப்பார் யார்? எனவே இறகை வாங்குதலும் விற்றலும் கூடா என்பதே எம் துணிபு. நம் நாட்டிலும் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. அதனை அறிந்து ஒழுகுதல் கடன். சரணாலயத்துட் கிடப்பதை அங்கேயே விடுக.

வளர்ந்து முடிந்த இறகு உயிரற்றது. தானாக உதிர்த்தலாற் பறவைக்கு நோவில்லை. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நம் சமயத்தார், பறவை வேண்டாமென விட்டதை மட்டும் எடுத்து, அதனிடத்துக் கல்வி பெறுதல் தகும். கல்லூரி முற்றத்து மரநிழலில் நாளை வீழும் இறகொன்றை இளைய மாணாக்கர் குனிந்து நோக்குவாராயின், இக்கட்டுரையின் பயன் எய்தியதாகக் கொள்வோம்.