வாட்டம் பார்த்த எட்டாம் வகுப்பு

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் சுமார் 48 செ.மீ. மழை. எங்கள் ஊரின் ஓராண்டுச் சராசரி மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் பெய்துவிட்டது. பள்ளி திறந்த அன்று என் எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வந்தவர்களிடம், "பிளாஸ்டிக் குப்பையைப் போட்டு வடிகாலை அடைத்துவிடுகிறோம், அதனால்தான் தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்று வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.

தேங்காய்த்திட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் புத்தகங்கள் நனைந்து உப்பியிருந்தன. "எங்க தெரு வாய்க்கால்ல குப்பையே கெடையாது மிஸ். அம்மா தெனம் எடுத்துப் போட்டுடுவாங்க. அப்பவும் தண்ணி ஓடாது. சும்மா நிக்கும்."

மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் இருந்துவிட்டு வந்த பிள்ளையிடம், தவறு உங்கள் தெருக்காரர்கள்மீதுதான் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்ததும், தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அந்தத் தெருவையே அளந்து பார்ப்பது என்று முடிவுசெய்தோம்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று இரண்டாகப் பிரிகிறது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியது தேங்காய்த்திட்டு. அலையாத்திச் செடிகளும் மீன்பிடித் துறைமுகமும் அங்கே உண்டு. திட்டு என்றால் தண்ணீருக்கு நடுவே மேடான இடம். சுற்றியுள்ளது பள்ளம் என்று ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. அந்தப் பள்ளத்திலும் இன்று வீடுகள் இருக்கின்றன.

மட்டம் பார்க்கக் கருவி வேண்டுமே என்று யோசித்தபோது, கொத்தனார் மகன் ஒருவன் அப்பாவையே அழைத்து வந்துவிட்டான். ஒளிபுகும் நீண்ட டியூப்பில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அவ்வளவுதான் கருவி. உள்ளே காற்றுக்குமிழி இருக்கக் கூடாது என்பதை அவர் மூன்று முறை சொன்னார். நான்காம் முறை பிள்ளைகளே சொன்னார்கள். குமிழி இருந்தால் மட்டம் ஏன் பொய் சொல்கிறது என்ற கேள்வியிலிருந்து திரவ அழுத்தப் பாடத்தை அன்றே தொடங்கிவிட்டேன். பாடத்திட்ட வரிசைப்படி அது இன்னும் இரண்டு வாரம் கழித்து வர வேண்டியது.

தெருவின் நீளம் 120 மீட்டர். 20 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் மட்டக் கோட்டிலிருந்து வடிகாலின் அடிவரை எவ்வளவு ஆழம் என்று நீண்ட கழியை விட்டு அளந்தோம். கொத்தனாரும் நானும் மட்டுமே கழியைப் பிடித்தோம். பிள்ளைகள் மூடியிருந்த பக்கம் நின்று படித்துக் குறித்தார்கள். அளவுகளை வரைபடத்தாளில் குறித்து இணைத்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வேறுபாடு வெறும் 4 செ.மீ. அதுமட்டுமில்லை, முனையில் உள்ள சிறுபாலத்தின் அடிமட்டம் வடிகாலின் அடியைவிட 9 செ.மீ. மேலே இருந்தது. மழையே இல்லாத நாளிலும் அந்த 9 செ.மீ. தண்ணீர் எங்கும் போக முடியாது. "வாட்டமே இல்லியேம்மா, எதிர்வாட்டமால்ல இருக்கு" என்றார் கொத்தனார். சரிவு என்று பாடநூல் சொல்வதைத் தொழிலில் வாட்டம் என்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பிலும் வாட்டம்தான்.

அடுத்தது கணக்கு. தெரு 6 மீட்டர் அகலம். இருபுறமும் வீடுகளின் ஆழம் 12 மீட்டர் வீதம். ஆக 30 மீட்டர் அகலம், 120 மீட்டர் நீளம், பரப்பு 3,600 சதுர மீட்டர். எல்லாம் சிமெண்ட்டும் தாரும்தான், உறிஞ்சும் மண் அனேகமாக இல்லை. ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் 180 கன மீட்டர், அதாவது 1,80,000 லிட்டர். நொடிக்கு 50 லிட்டர். இதை வடிகால் தாங்குமா? அகலம் 45 செ.மீ., ஆழம் 60 செ.மீ., அதில் 20 செ.மீ. வண்டல். மிஞ்சிய குறுக்குப் பரப்பு 0.18 சதுர மீட்டர். ஒரு தெர்மோகோல் துண்டை மிதக்கவிட்டு நேரம் பார்த்தோம். பெயர்தான் மழைநீர் வடிகால், வீட்டுக் கழிவுநீரும் அதில்தான் ஓடுகிறது. 10 மீட்டர் போக 100 நொடி. வேகம் நொடிக்கு 0.1 மீட்டர். 0.18 × 0.1 = 0.018 கன மீட்டர், நொடிக்கு 18 லிட்டர். வருவது 50, போவது 18.

"அப்ப வாய்க்காலைப் பெருசாக் கட்டணும் மிஸ்" என்றார்கள். எல்லாரும் முதலில் சொல்வது இதுதான், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இன்னொரு கணக்குப் போட்டோம். நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால் வண்டல் பெரும்பாலும் படியாமல் அடித்துச் செல்லப்படும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. இந்த அளவுள்ள கான்கிரீட் வடிகாலில் அந்த வேகம் கிடைக்க 120 மீட்டருக்குச் சுமார் 11 செ.மீ. வாட்டம் போதும். வண்டல் இல்லாமல் 0.27 சதுர மீட்டர், வேகம் 0.6. நொடிக்கு 162 லிட்டர். ஓர் அங்குலம்கூட அகலப்படுத்தாமல், தேவையைப் போல மூன்று மடங்கு! (நிரம்பி ஓடும்போது வேகம் மாறும், மேற்பரப்பு வேகம் சராசரியைவிடக் கூடுதல் என்பவற்றை எட்டாம் வகுப்பில் விட்டுவிட்டேன். மேல்நிலை வகுப்பில் விடக் கூடாது.)

இந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத, துறைமுகத்துக்கு அருகில் வசிக்கும் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், "தண்ணி ஏறுற நேரத்துல அந்தப் பக்கம் எப்படி மிஸ் போகும்?" என்றான். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும், ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும். அவனுக்கு வீட்டில் தெரியும். எங்கள் கடற்கரையில் ஏற்ற வற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் 11 செ.மீ. வாட்டத்துக்கு ஏங்கும் தெருவில் அது மிகப் பெரிய அளவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இன்னும் கூடும். புயல் நேரத்தில் காற்று கடலையே கரைப்பக்கம் தள்ளும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஆற்று நீருக்கே வழி இல்லை, தெரு வாய்க்கால் எம்மாத்திரம்.

சென்னையிலும் இதைப் பார்த்தோம். 2021 மழைக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தது. புதிய வடிகால்கள் பல இடங்களில் கட்டப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடல் கொந்தளிப்பால் முகத்துவாரங்களில் வெள்ளம் வடிவது தடைப்பட, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் நீர் நின்றது.

ஆக, வடிகாலை மேம்படுத்துவது என்றால் என்னென்ன என்று பிள்ளைகள் பட்டியல் போட்டார்கள்: சிறுபாலத்தைத் தாழ்த்துவது, தூர்வாருவது, கடைமுனையில் வெளியே மட்டும் திறக்கும் மதகு, ஏற்ற நேரத்தில் இறைக்க மோட்டார், மிஞ்சியிருக்கும் ஏரிகளைத் தூர்க்காமல் வைத்திருப்பது. ஒருவன் உறிஞ்சுகுழி என்று எழுதியதை மற்றவர்களே அடித்தார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. உறிஞ்ச மண்ணுக்குள் இடம் இல்லை. மேட்டுப் பகுதியான லாஸ்பேட்டைக்குப் பொருந்துவது இங்கே பொருந்தாது.

அந்த மாணவியின் பாட்டி சொன்னதும் பட்டியலில் சேர்ந்தது. அவர் மருமகளாக வந்தபோது திண்ணைக்கு இரண்டு படி ஏற வேண்டுமாம். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதன் விளைவு.

வரைபடத்தையும் கணக்கையும் இணைத்து ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துடன் உரிய அலுவலகத்தில் கொடுத்தோம். பார்க்க வந்த இளநிலைப் பொறியாளர் ஒரே கேள்வி கேட்டார்: "எதைச் சுழியா வெச்சு அளந்தீங்க?" ஒரு வீட்டு வாசற்படியை. அந்த வீட்டுக்காரர் இடையில் படியை உயர்த்திக் கட்டிவிட்டிருந்தார்! எங்கள் அளவுகளைச் சரிபார்க்க வழியில்லாமல் போயிற்று. அசையாத ஓரிடத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் கற்றது அங்கேதான்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: மழைக்காலத்தில் வேண்டாம், வறண்ட பிறகு செய்யுங்கள். திறந்த வடிகாலுக்கு அருகே பிள்ளைகளை விடாதீர்கள், அந்த நீரைத் தொடவே கூடாது, எலிக்காய்ச்சல் அதில்தான் பரவுகிறது. மின்கம்பத்தின் அருகே புள்ளி வைக்காதீர்கள். தொடக்கப் பள்ளியில் மழைமானியே போதும். நேரான பக்கமுள்ள பாட்டிலை வெட்டி, அடிவளைவு மறையும்வரை முதலில் தண்ணீர் ஊற்றி அதைச் சுழி என்று குறியுங்கள். ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளை வாளியால் ஊற்றியே புரிந்துகொள்ளும்.

சிறுபாலம் இன்னும் மாற்றப்படவில்லை, தூர் மட்டும் ஒருமுறை வாரினார்கள். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு மறுபடி அளக்கிறது. இம்முறை சுழி, தெருமுனை மேல்நிலைத் தொட்டியின் தூணில் பெயின்ட்டால் போட்ட ஒரு கோடு.