ஷிப்டுக்குப் போகிற வீட்டில் பிள்ளை கையில் போன்

பேரிகை, பாகலூர், சூளகிரி பக்கம் சாயங்காலத்தில் பல வீடுகளில் பெரியவர்கள் இருப்பதில்லை. அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்டு. அம்மா ரோஜாப் பண்ணையிலிருந்து இன்னும் திரும்பியிருக்க மாட்டார். வீட்டிலிருக்கும் பாட்டிக்கு, அதாவது அவ்வாவுக்கோ அஜ்ஜிக்கோ, போனைத் திறந்து கொடுப்பதே பிள்ளைதான். இந்த நிலையில் பெற்றோருக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பிடுங்க வேண்டாம் என்பது என் பதில். பணம், முன்பின் தெரியாத ஆள், ராத்திரி நேரம் ஆகிய மூன்றையும் கண்டிப்பாகப் பூட்டுங்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசையை மட்டும் பூட்டாதீர்கள்.

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குழந்தைகளுக்கு ஆபாசப் படங்கள் எளிதில் கிடைப்பது குறித்த வழக்கில், ஆஸ்திரேலியாவைப் போல 16 வயதுக்கு உட்பட்டவர்களின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம் கொண்டுவர ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று 2025 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு கூடுதல் என்றும் சேர்த்தே சொன்னது. அதற்கு முன்பு, 2019 செப்டம்பரில், கோழிக்கோட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் விடுதியின் போன் கட்டுப்பாட்டை எதிர்த்துப் போட்ட வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் வயது வந்த பெண். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஆனால் அந்த வயதை நோக்கித்தான் நம் பிள்ளையும் வளர்கிறது.

முதலில், வார லீவு நாளில் பிள்ளையோடு உட்கார்ந்து போனைக் காட்டச் சொல்லுங்கள். யூடியூப் ஹிஸ்டரி, விளையாடும் கேம், இருக்கிற வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றையும் பாருங்கள். அன்றைக்குத் திட்டவே கூடாது. திட்டினால் அடுத்த வாரம் ஹிஸ்டரி காலியாக இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். பள்ளிக்கூட வேலைக்கு எது வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு இருக்கிறது, வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில் வருகிறது. போனே கூடாது என்று சொன்னால் அது நடக்காது.

அடுத்து பணம். ஜிபே, போன்பே இரண்டுக்கும் கைரேகைப் பூட்டு போடுங்கள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். யூபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கே ஒரு போன்தான் என்றால் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் ‘ஆப் பின்னிங்’ என்று ஒன்று இருக்கும் (சில கம்பெனி போன்களில் பெயர் கொஞ்சம் மாறும்). வெளியேற பின் நம்பர் கேட்கும்படி அதிலேயே வைத்துவிட்டு, பாட ஆப்பைத் திறந்து பின் செய்து கொடுத்தால், உங்கள் பின் நம்பர் இல்லாமல் பிள்ளை அதை விட்டு வேறு எதற்கும் போக முடியாது. பிள்ளைக்குத் தனிப் போன் இருந்தால் கூகுள் ஃபேமிலி லிங்க் போடுங்கள். புது ஆப் இறக்க உங்கள் அனுமதி கேட்கும், நீங்கள் வைத்த நேரத்துக்கு ராத்திரி போன் பூட்டிக்கொள்ளும். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அனுமதி கொடுக்கலாம். வீட்டில் வைஃபை இருந்தால், ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணை 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் மாற்றித் தரச் சொல்லி கேபிள்காரரைக் கேளுங்கள். கிளவுட்ஃபிளேர் இலவசமாகத் தரும் வடிகட்டி அது. ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அது வேலை செய்யாது.

யூடியூபில் ‘ரெஸ்ட்ரிக்டட் மோடு’ போடலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளை வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் பேசுகிறது. தேடும்போது மூன்றையும் இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறது. இந்த வடிகட்டியின் தரம் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி இருக்காது என்று யூடியூபே சொல்லியிருக்கிறது. செட்டிங்ஸ் விட்டுவிடுவதைப் பெற்றோரின் கண்தான் பிடிக்க வேண்டும். அதனால் போன் பார்ப்பது கூடத்தில்தான், கதவைச் சாத்திய அறையில் இல்லை என்பதை வீட்டு விதியாக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் காண்டாக்டில் உள்ளவர்கள் மட்டுமே குரூப்பில் சேர்க்கும்படி வையுங்கள். 13 வயதுக்குக் கீழ் இன்ஸ்டாகிராம் வேண்டாம். அந்த நிறுவனத்தின் விதியே அதுதான்.

எதைப் பூட்டக் கூடாது என்பதற்கு வருகிறேன். வயதுக்கு வருவது, உடம்பு, காதல், கல்யாண வயது, சாதி, மேற்படிப்பு பற்றிப் பிள்ளை தேடினால் தடுக்காதீர்கள். முக்கியமாகப் பெண் பிள்ளையைத் தடுக்காதீர்கள். வயதுக்கு வந்ததும் பெண்ணிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு, அண்ணனுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுக்கிற வழக்கம் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். 2025 மார்ச்சில், நம் மாவட்டத்து அஞ்செட்டி மலைப்பகுதியைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமிக்குக் கட்டாயக் கல்யாணம் செய்து, அவள் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போன காட்சி போன் வழியாகத்தான் வெளியே வந்தது. அதன் பிறகு சம்பந்தப்பட்டவர்களைப் போலீஸ் கைது செய்தது. 18 வயதுக்குள் கல்யாணம் செய்வது குற்றம், 1098-க்குப் போன் செய்யலாம் என்பது அப்படி ஒரு நிலையில் இருக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மாதிரி வீடியோவைப் பிறருக்கு அனுப்பக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தையும் பெயரையும் வெளியிடுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

போட்ட பூட்டு எதையும் மறைக்க வேண்டாம். “பாப்பா, உன் போன்ல இதெல்லாம் போட்டிருக்கேன். எதுக்குன்னும் சொல்றேன். தப்பா ஏதாவது வந்துச்சுன்னா எங்கிட்ட காட்டு, போனைப் பிடுங்க மாட்டேன்.” கடைசி வாக்கியத்தைச் சொன்னால் அதைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும். மிரட்டலுக்கு ஆளான பிள்ளை வீட்டில் வாய் திறக்காததற்கு ஒரு காரணம், போன் போய்விடுமே என்ற பயம்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழிக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். 1930 சைபர் கிரைம் உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். இரண்டையும் அவ்வாவின் பட்டன் போனிலும் பதிந்து வையுங்கள். பிள்ளை கேட்டால் நேராக ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு ஜூனிலும், பள்ளி திறக்கும் வாரத்தில், செட்டிங்ஸை இருவரும் உட்கார்ந்து திரும்பப் பாருங்கள். ஐந்தாவதில் போட்ட நேரக் கட்டுப்பாடு ஒன்பதாவதுக்கு ஆகாது. பிளஸ் டூ முடிப்பதற்குள் ஃபேமிலி லிங்க்கை எடுத்துவிட வேண்டும். அடுத்த வருஷம் ஓசூரிலோ பெங்களூரிலோ ஹாஸ்டலில் இருக்கும்போது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று பிள்ளைதான் முடிவு செய்தாக வேண்டும்.