கணக்குப் படித்த பெண்ணுக்கு ஓர் உத்தியோகம்



சென்ற கூட்டத்தில் நமது சங்கக் காரியதரிசி அவர்கள், "உங்கள் வீட்டுப் பெண் ஏதோ டேட்டா என்று படிக்கிறதாமே, அதை நாலு பேருக்கு விளங்கும்படி எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். நானோ மதரஸாவும் ஆரம்பப் பாடசாலையும் தவிர வேறு வாசல் மிதியாதவன். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் இருபது வருஷமாகப் பேரேடு எழுதி வருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் தமக்கை மகன் ஷா ஆலமில் இன்ஜினியர் உத்தியோகம் பார்க்கிறான். அவனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கீழக்கரையிலிருந்து வந்த பெண் கணிதப் பட்டதாரி. அவ்வூரில் 1988-ல் தாஸிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி ஏற்பட்டது. அதன் பிறகு கடல் தாண்டி வாழ வருகிற பெண்களில் பலர் பட்டத்தோடு வருகிறார்கள். வந்த பின்பு பட்டம் பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது. கதீஜா நாயகி அவர்கள் வாணிபம் நடத்தியதை மீலாது மேடையில் வருஷந்தோறும் கேட்கிறோம். வீட்டுக்கு வரும் வழியில் மறந்து விடுகிறோம்.

அந்தப் பெண் சும்மா இருப்பதைப் பார்த்து நான் ஒரு தப்பு செய்யப் போனேன். "கடைக்கு வந்து கல்லாவில் உட்காரம்மா" என்றேன். நல்லவேளை, ஒரு சிநேகிதர் தடுத்தார். கணவன் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்தால் மனைவிக்குக் கிடைப்பது டிபென்டன்ட் பாஸ். அதை வைத்து இங்கே வசிக்கலாம். வேலை பார்க்கக் கூடாது. சொந்தக்காரர் கடையாயிற்றே என்று குடிநுழைவு இலாகா பார்க்காது. வேலை கொடுக்கிற கம்பெனிதான் அவள் பெயரில் தனிப் பாஸுக்கு மனுச் செய்ய வேண்டும். மலேசியப் பிரஜையை மணந்து வந்தவளுக்குப் பாதை வேறு. அவள் நீண்டகால சமூக வருகைப் பாஸில் இருந்தபடி, இலாகாவின் அனுமதி பெற்று வேலைக்குப் போகலாம். சம்பள வரம்பும் நிபந்தனையும் அவ்வப்போது மாறும். இலாகாவிலேயே நேரில் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. படிப்பதற்கு மட்டும் வீட்டில் தடையில்லை. அவள் அந்த வழியைப் பிடித்தாள்.

தரவு ஆய்வு என்றால் என்ன? நாள்வழிச் சிட்டையில் நாம் எழுதுகிறோம். வருஷக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று பார்த்து மூடி வைக்கிறோம். அந்த ஏடுகளைப் பத்து வருஷத்துக்குப் பக்கத்தில் பக்கம் விரித்து வைத்து, ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பதுதான் இந்தத் தொழில். வங்கியும் கப்பல் கம்பெனியும் லட்சக்கணக்கான வரிகளை வைத்துக் கேட்கின்றன. அதற்கு எக்செல், எஸ்.கியூ.எல்., பைத்தான் முதலிய கருவிகள் உண்டு. ஆயினும் நேரம் அதிகம் போவது சரக்கைப் புடைத்துக் கல் பொறுக்குவதில்தான் என்கிறாள். என் சிட்டையையே எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே சரக்கை ஓரிடத்தில் பெரிய வெங்காயம், ஓரிடத்தில் பல்லாரி, பையன் எழுதிய பக்கத்தில் பாவாங் பெசார் என்று எழுதியிருக்கிறோம். யந்திரத்துக்கு அவை மூன்று சரக்கு!

வெங்காயக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உள்நாட்டு வாணிப அமைச்சு கடைகளிலும் சந்தைகளிலும் விலை குறித்து வருகிறது. பிரைஸ் கேட்சர் என்ற அந்தக் குறிப்புகளைச் சர்க்கார் இணையத்தில் இலவசமாகவே போடுகிறது. அதில் இந்திய வெங்காயத்தின் விலையை எடுத்து அவள் கோடாக வரைந்தாள். பக்கத்தில் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்த தேதிகளை எழுதினாள். 2019 செப்டம்பர் 29, 2020 செப்டம்பர் 14, 2023 டிசம்பர் 8. மூன்றும் வருஷக் கடைசி மாதங்கள். மார்ச் முதல் மே வரை அறுக்கிற வெங்காயத்தைத்தான் அங்கே சேமித்து வைத்து விற்கிறார்கள். சேமிப்பு வற்றிப் புதுச் சரக்கு போதுமானபடி வராத இடைவெளியில் விலை ஏறுகிறது. டில்லி கதவைச் சாத்துகிறது. 2023-ல் முன்னறிவிப்பும் இருந்தது. ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச விலை, அதன் பிறகே தடை. 2024 மே மாதம்தான் நீங்கிற்று. நான் அந்த டிசம்பரில் பத்து மூட்டையோடு விழித்துக் கொண்டிருந்தேன்.

"அப்படியானால் செப்டம்பரில் வாங்கிக் குவித்து விடலாமா?" என்றேன்.

"மூன்று தடவை நடந்ததை வைத்து நாலாவதைச் சொல்ல முடியாது மாமு. குவித்தால் அழுகியும் போகும். ஆகஸ்டிலிருந்து செய்தியைக் கவனியுங்கள், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்" என்றாள். தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது.

ஃபேஃபே லீ என்ற சீனப் பெண்மணி 1992-ல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். பெற்றோர் சலவைக் கடை வைத்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் படிக்கும்போதும் வார இறுதியில் வந்து கடையைக் கவனித்தார். 2009-ல் அவர் குழுவினர் வெளியிட்ட இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பு, யந்திரங்கள் படத்தை அடையாளம் காணக் கற்றதற்குப் பெருந் துணையாயிற்று. அதுவும் லட்சக்கணக்கான படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயரிட்டு அடுக்கிய வேலைதான். கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பொறுமை புதிதல்ல.

இனி உத்தியோக விஷயம். மூவாயிரம் ரிங்கிட் வாங்கிக் கொண்டு மூன்று நாளில் சான்றிதழ் தருகிறவர்களிடம் அவள் ஒரு தடவை ஏமாந்தாள். கம்பெனிக்காரர் அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்களாகச் செய்தது ஏதாவது உண்டா?" என்றார்களாம். வெங்காயக் கோட்டைக் காட்டினாள். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேச்சு நடந்தது. பாஸ் விவரம் கேட்டதும் பேச்சு நின்று விட்டது. ஆகையால் இப்போது விண்ணப்பத்திலேயே பாஸ் நிலைமையை எழுதி விடுகிறாள். ஊரிலிருந்து பெண் அழைத்து வருகிறவர்கள் பட்டத்தின் மூலப் பிரதியையும் மதிப்பெண் பட்டியல்களையும் நகைப் பெட்டியோடு கொண்டு வாருங்கள். இவளுடையதைத் தபாலில் வரவழைக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனி இரண்டாம் முறை அழைத்திருக்கிறது. பாஸுக்கு மனுச் செய்யத் தயார் என்றார்களாம். வருகிற திங்கட்கிழமை போகிறாள். குழந்தையை அன்று நாங்கள் வைத்துக் கொள்கிறோம்.