மால்டாத் தீவில் பறவைகளைக் காண்போம்

முன்னுரை

புனித சின்னப்பர் ரோமாபுரிக்குக் கைதியாகச் சென்ற வழியில் கப்பல் உடைந்து கரையேறிய தீவு மால்டா என்று அப்போஸ்தலர் பணி நூலில் படித்திருக்கிறோம். கடலில் தத்தளித்து வந்த 276 பேரையும் தீவினர் நெருப்பு மூட்டி வரவேற்றனர். இன்றும் ஆண்டுக்கு இருமுறை களைத்துப் போன விருந்தினர் அங்கே வந்து இறங்குகின்றனர். அவர்கள் பறவைகள்!

வலசை வழி

மத்தியதரைக் கடலின் நடுவே உள்ள மால்டா நாட்டின் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். வடக்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில் சிசிலித் தீவு உள்ளது, தெற்கே ஆப்பிரிக்கா. ஐரோப்பாவில் குஞ்சு பொரிக்கும் பறவைகள் பல, குளிருக்கு முன் ஆப்பிரிக்கா சென்று வசந்தத்தில் திரும்புகின்றன. பருந்தினங்கள் நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி, சிறகடிக்காமல் மிதந்து செல்பவை. கடலின்மேல் அக்காற்று மிகக் குறைவு. எனவே சிறகடித்துச் சோர்ந்து, கண்ணில் படும் நிலத்தில் தங்குகின்றன.

புஸ்கெட் சோலை

மரங்கள் குறைந்த அத்தீவில் புஸ்கெட் என்னும் சோலை உண்டு. செப்டம்பர் மாதப் பிற்பகல்களில் பறவை நோக்குவோர் தொலைநோக்கியுடன் அங்கே காத்திருப்பர். பொழுது சாயும்போது தேன்பருந்துகளும் சேற்றுப் பூனைப்பருந்துகளும் உறங்க வருகின்றன. சிறகுகளை ஆங்கில எழுத்து ‘வி’ போல் உயர்த்தி மிதந்தால் அது பூனைப்பருந்து. சிறிய தலையும் நீண்ட வாலும் இருந்தால் அது தேன்பருந்து. சேற்றுப் பூனைப்பருந்து குளிர்காலத்தில் நம் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்கும் வருவதுண்டு.

இரவில் வரும் கடற்பறவை

தீவின் வடபகுதியில் ‘ர்டும் தல் மடோனா’ என்னும் செங்குத்தான பாறைக்கரை உள்ளது. யெல்குவான் என்ற கடற்பறவை அங்குள்ள பொந்துகளில் ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிறது. இரவில் மட்டுமே கூட்டுக்கு வருகிறது. எலிகள் முட்டையைத் தின்றுவிடும். கரையோர விளக்கொளி, முதன்முறை பறக்கும் குஞ்சுகளை வழிதவறச் செய்யும். ஒரு முட்டை போனால் அந்த ஆண்டே வீணாகிறது.

துப்பாக்கியா, தொலைநோக்கியா?

மால்டாவில் வேட்டை பழைய வழக்கம். பறவைகளைக் காக்க 1962இல் ஒரு சங்கம் தோன்றியது. காட்டுப்புறா, காடை ஆகியவற்றின் வசந்தகால வேட்டை பற்றி 2015இல் மக்கள் வாக்களித்தனர். வேட்டை தொடரட்டும் என்றவர்கள் ஏறக்குறைய 50.4 சதவீதம். எவ்வளவு சிறிய வித்தியாசம்! வசந்தத்தில் வருபவை கூடு கட்டச் செல்லும் பறவைகள். ஒன்றைச் சுட்டால் அதன் குஞ்சுகளும் பிறவாமற் போகின்றன. பாடும் சிறு பறவைகளை வலைவைத்துப் பிடிக்க அளித்த அனுமதி சட்டத்துக்கு மாறானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

வேட்டைக்காரரும் பறவையின் வருகையை அறிந்தவர்தாம். அவர் வீட்டுப் பிள்ளைகளே இன்று பறவைக் காப்பகங்களுக்குச் சென்று பார்க்கக் கற்கலாம். கொல்லாமலும் மகிழலாம் என்பதை உணர ஒரு மாலைப்பொழுது போதும்.

முடிவுரை

பறவைக்கு நாட்டின் எல்லை தெரியாது. ஒரு நாடு காப்பதை மற்றொரு நாடு அழித்தால் பயனில்லை. சிட்டுக்குருவியையும் மறவாத வானகத் தந்தையின் பிள்ளைகளாகிய நாம், நம் ஊர் மரத்தில் தங்க வரும் வழிப்போக்கருக்கும் இடம் கொடுப்போம். கல்லெறியாமல், கூட்டைக் கலைக்காமல், அமைதியாய் நின்று பார்க்கப் பழகுவோமாக!