எண் எங்கிருந்து வந்தது, தம்பி?



நீ அனுப்பிய எக்செல் வந்து சேர்ந்தது. புனேயின் கோந்த்வாவில் முதல் வாடிக்கையாளர் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். வீட்டிலேயே சமைத்து மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ஒரு அக்கா என்றாய். கூகுள் தேடலில் கடைகளை மேலே கொண்டுவரும் தொழில் பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இருநூறு தேடுசொற்களை அடுக்கி, எதிரே மாதத் தேடல் எண்ணிக்கை, போட்டி அளவு என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருக்கிறாய். "கோந்த்வா டிஃபன்: 2,400." அந்த 2,400 எங்கிருந்து வந்தது?

ஏஐ சொன்னது என்பாய். அதற்கு எப்படித் தெரியும்? தேடல் கணக்கு கூகுளிடம் இருக்கிறது. ஏஐயின் மொழி மாதிரியோ அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்து எழுதுவது. தரவு எதையும் கொடுக்காமல் எண் கேட்டால், எண்ணைப் போல இருக்கிற ஒன்றை எழுதித் தரும். கூச்சமே படாது. கூகுளின் கீவேர்டு பிளானரில் அதே சொல்லைப் போட்டுப் பார். விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காத கணக்குக்கு 100 முதல் 1,000 வரை என்பதுபோல வீச்சாகத்தான் காட்டும். தேடல் கணக்கை வைத்திருக்கும் கூகுளே அப்படிச் சொல்லும்போது உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

சொற்களுக்கு வருகிறேன். 'டிஃபன்' என்றதும் உன் பட்டியலில் இட்லி, பொங்கல், தோசை எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. அது நம் ஊர் டிஃபன். புனேயில் டிஃபன் என்றால் சப்பாத்தி, பாஜி, பருப்பு, சோறு அடங்கிய டப்பா. மாதச் சந்தாவுக்கு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வருவது. மாணவர்கள் அதையே மெஸ் என்பார்கள். மராட்டியில் தட்டுபவர் 'கர்குதி ஜேவண்' என்று, வீட்டுச் சாப்பாடு என்றே தேடுவார். நீ தமிழில் யோசித்துக் கேள்வி கேட்டாய். ஏஐயும் உன் யோசனையையே உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஊர்ப் பெயரிலும் அதே கதை. மராட்டியில் அந்தப் பெயரின் நடுவே இருப்பது டகரத்தின் இனம். கோண்ட்வா என்றால்தான் காதுக்குச் சரி. ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் கோந்த்வா ஆக்கிவிட்டோம். ஆங்கிலத்தில் தட்டுபவர்களிலும் நடுவே 'ஹெச்' போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று ஊரே இரண்டு. பாரசீகத்திலிருந்து வந்த சின்ன, பெரிய என்கிற அடைமொழிகள், நம் சின்னசேலத்தில் 'சின்ன' இருப்பதுபோல. இதற்கு மேல், தேசிய வங்கி மேலாண்மை நிறுவன வளாகத்தால் பெயர் பெற்ற என்ஐபிஎம் சாலை. அந்தப் பக்கம் வீடு வாங்கியவர் பலர் கோந்த்வா என்ற சொல்லையே எடுப்பதில்லை. 'என்ஐபிஎம்' உன் பட்டியலில் ஒரு இடத்திலும் இல்லை.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது நினைவிருக்கிறதா? கோயம்புத்தூருக்கு வந்த புது எழுத்துக்கூட்டைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாள்களில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். மொழிப்பற்றில் எனக்குக் குறையில்லை. ஆனால் தேடல் பெட்டியில் ஜனங்கள் கை போன போக்குதான் எழுத்துக்கூட்டு.

இன்னொன்று. காத்ரஜ், வானவடி, உண்ட்ரி, பிசோளி என்று அக்கம்பக்கத்துப் பகுதிக்கு ஒரு பக்கமாக நாற்பது பக்கம் ஏஐயை வைத்து ஒரே ராத்திரியில் எழுதிவிடலாம் என்கிறாய். எழுதலாம். பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பெருக்கும் வேலையை நான் கையாலேயே செய்தவன். சொல்லைத் திணித்தேன், இணைப்பை விலைக்கு வாங்கினேன். 2012 ஏப்ரலில் இதையெல்லாம் தண்டிக்கும் கூகுளின் பென்குயின் மாற்றம் வந்தது. என்னை நம்பிய ஒருவரின் கடைத் தளம் முதல் பக்கத்திலிருந்து காணாமலே போனது. அவருக்கு நான் போன் செய்யத் துணிய ஒரு வாரம் ஆயிற்று. 2024 மார்ச்சில் கூகுள் இந்த மொத்த உற்பத்தியை, மனிதன் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், ஸ்பாம் என்றே விதியில் எழுதிவிட்டது. அந்த அக்காவுக்கு இருப்பது ஒரு அடுப்படி. ஒரு நல்ல பக்கமும் ஒழுங்கான கூகுள் பிசினஸ் புரொஃபைலும் போதும். அதில் கடைப் பெயரோடு 'பெஸ்ட் டிஃபன் கோந்த்வா' என்று ஒட்டாதே. விதிமீறல், கணக்கையே முடக்கலாம்.

ஏஐயைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, நானும் தினம் பயன்படுத்துகிறேன். கூகுளின் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும். தளம் கொஞ்சம் ஓடியதும் அதிலுள்ள உண்மையான தேடல்களை இறக்கி ஏஐயிடம் கொடு. விலை கேட்பவர் யார், மெனு கேட்பவர் யார், முகவரி தேடுபவர் யார் என்று சலிப்பில்லாமல் பிரித்துத் தரும். ஒரே சொல்லை எத்தனை விதமாகத் தட்டுவார்கள் என்று கேள். இருபது சொல்லும், அதில் ஐந்து உனக்குத் தோன்றியே இருக்காது. தலைப்புக்குப் பத்து மாதிரி கேள், ஒன்பதை அடித்துவிடு.

அதற்கு முன் ஒரு வேலை. வரும் திங்கள் முதல் சனி வரை மதியம் அந்த அக்கா வீட்டில் போய் உட்கார். போனில் கூப்பிடுபவர்களும் வாட்ஸ்அப்பில் கேட்பவர்களும் எந்தச் சொல்லில் கேட்கிறார்களோ, அதே சொல்லில், அதே மொழியில் நோட்டில் எழுது. திருத்தாதே. ஞாயிறன்று அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்