பழியிலிருந்து புரிதலுக்கு

நுழையும்முன்

பெயர் சொல்லி அழைத்தாலும் அக்குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. பொம்மை வண்டியை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் நெடுநேரம் சுழற்றிக்கொண்டிருக்கிறது. மிக்சியின் ஓசை கேட்டால் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. 'வளர்ப்பு சரியில்லை' எனச் சுற்றியிருப்போர் தாயைக் குறைகூறுகின்றனர். அச்சொல் உண்மைதானா? அறிவியல் தரும் விடையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயரும் தோற்றமும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கேனர், 1943ஆம் ஆண்டு 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பிறரோடு உறவாடுவதில் இடர்ப்பாடு, மாற்றத்தை ஏற்க இயலாமை ஆகியன அக்குழந்தைகளிடம் பொதுவாகக் காணப்பட்டன. இந்நிலையை அவர் 'ஆட்டிசம்' என்னும் சொல்லால் குறித்தார். 'தான்' எனப் பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர்.

தாய்மீது விழுந்த பழி

அன்பு காட்டாத பெற்றோரே இதற்குக் காரணம் என்னும் கருத்து அடுத்த இருபது ஆண்டுகளில் வேரூன்றியது. அத்தகைய தாயரைக் 'குளிர்பதனப்பெட்டித் தாயர்' என்றே அழைத்தனர். குழந்தையின் நிலைகண்டு கலங்கிய தாய், குற்றவாளியாகவும் நிறுத்தப்பட்டாள்.

ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு, 1964இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்தார். காரணம் உடலியல் சார்ந்தது என வாதிட்டார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இணை இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 11 இணைகளுள் நான்கில், இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்த 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபணுக்களின் பங்கு இதனால் புலப்பட்டது. தாயர்மீது சுமத்தப்பட்ட பழியும் வலுவிழந்தது.

காரணங்கள்

ஆட்டிசத்திற்குத் தனியொரு காரணம் இல்லை. பல மரபணுக்கள் இதில் பங்கேற்கின்றன. பெற்றோரின் முதிர்ந்த வயது, மிகுந்த குறைமாதப் பிறப்பு, கருவுற்ற காலத்தில் உட்கொள்ளும் வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் ஆகியனவும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. தடுப்பூசியே காரணம் என்று 1998இல் கிளம்பிய கருத்து, 12 குழந்தைகளை மட்டும் கொண்ட ஓர் ஆய்வுக் கட்டுரையால் எழுந்தது. அக்கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நிகழ்ந்த ஆய்வும் தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என உறுதிசெய்தது.

துணைநிற்கும் வழிகள்

ஆட்டிசத்தை அகற்றும் மருந்து எதுவும் இல்லை. 'முற்றிலும் குணமாக்குவோம்' எனும் விளம்பரங்களை நம்பிப் பொருளையும் காலத்தையும் இழத்தல் கூடாது. உடன்வரும் வலிப்பு, உறக்கமின்மை போன்றவற்றிற்கே மருந்துகள் உதவும். பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவற்றை இளமையிலேயே தொடங்குதல் நலம். பேச இயலாத குழந்தை, தண்ணீர்க் குவளையின் படத்தைச் சுட்டித் தன் தாகத்தை உணர்த்தக் கற்றுக்கொள்ளும். அலறலாக வெளிப்பட்ட தேவை அங்கே மொழியாகிறது. ஒருவருக்கு ஏற்ற பயிற்சி மற்றவருக்கு ஏற்றதாக இராது. ஆகவே, குழந்தையை அறிந்தே பயிற்சியை வகுத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள்.

நம் கடமை

பயிற்சியாளர் கற்பிப்பது ஒரு மணிநேரம். எஞ்சிய பொழுதெல்லாம் அக்குழந்தை வாழ்வது நம்மிடையேதான். கண்ணோக்கிப் பேசாத வகுப்புத் தோழனைச் செருக்குடையவன் என எண்ணாதிருத்தல், அவன் விடைகூறும்வரை காத்திருத்தல், இரைச்சலைக் குறைத்தல், நாளைய மாற்றத்தை இன்றே அவனுக்குச் சொல்லிவைத்தல் ஆகியவற்றைச் செய்ய நமக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. அவனை மட்டும் மாற்ற முயல்வதை விடுத்து, நாமும் சற்றே மாறுவோம்.