பெயருக்கும் பில் வேண்டும்
(மளிகை வணிகர்களுக்கு ஒரு சட்டப் பாடம்)

எடையளவுச் சட்டமும் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் வணிகப் பெருமக்களுக்கு ஓரளவு பழக்கமானவை. பெயரைப் பற்றிய சட்டம் பலருக்குப் புதிது. மூட்டையின் மேல் அச்சிட்டுள்ள பெயரும் ஒரு சொத்து. அதைப் பொய்யாகப் போட்டுச் சரக்கு வந்தால், தயாரித்தவர் மட்டுமல்ல, விற்ற கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டும். இதை நம் ஊர்ச் சரக்கான ஜவ்வரிசியை வைத்தே பார்ப்போம்.

ஊர்ப் பெயர் சொத்தான கதை

இரண்டாம் உலகப் போரின்போது கீழ்நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி தயாரிக்க வழி கண்டார்கள். குடிசைத் தொழிலாகத் தொடங்கியது, ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று ஆலைகளாகப் பெருகியது. 1981-ல் ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் உருவானது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாட்களில் சமைக்கும் ‘சாபுதானா’ பெரும்பாலும் நம் பக்கத்துச் சரக்குதான்.

2023-ல் ‘சேலம் ஜவ்வரிசி’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பதிவு செய்யும் அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.

இரண்டு வகைப் பெயர்கள்

வணிகச் சின்னம் என்பது ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ சொந்தமான பெயர், படம் அல்லது எழுத்து. அதை விற்கலாம், பிறருக்கு எழுதிக் கொடுக்கலாம். புவிசார் குறியீடு அப்படியல்ல. அது ஒரு வட்டாரத்தின் உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் பொது. யாருக்கும் விற்க முடியாது. 1999-ல் இயற்றிய இரு தனிச் சட்டங்களும் 2003 செப்டம்பர் 15 முதல் நடப்பில் உள்ளன. இரண்டு பதிவுகளுக்கும் ஆயுள் பத்து ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும்.

கடையில் எழும் கேள்விகள்

கேள்வி: ஆலையிலிருந்து முறையாக வாங்கிய சேலம் ஜவ்வரிசியை அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டி விற்கலாமா?

பதில்: விற்கலாம். முறைப்படி வாங்கிய சரக்கை மறுபடி பொட்டலம் கட்டுவது குற்றமாகாது என்று புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. சரக்கின் தரம் கெடக் கூடாது என்பதே நிபந்தனை. பொட்டலத்தின் மேல் எடை, தேதி முதலியவை போட வேண்டும் என்ற மற்றச் சட்டங்கள் தனியே பொருந்தும்.

கேள்வி: மக்காச்சோள மாவு கலந்த மலிவுச் சரக்கை அதே பெயரில் விற்றால்?

பதில்: அது உணவுக் கலப்படக் குற்றம். அத்துடன் பொய்க் குறியீட்டுக் குற்றமும் சேரும். வெளியூர்ச் சரக்கில் சேலம் பெயரை அச்சிடுவதும் அப்படியே.

கேள்வி: தண்டனை என்ன?

பதில்: போலிச் சின்னம் அல்லது போலிப் புவிசார் குறியீடு போட்டவருக்கும், அந்தச் சரக்கை விற்றவருக்கும் ஒரே அளவு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம்.

கேள்வி: நமக்குத் தெரியாமல் போலிச் சரக்கு வந்துவிட்டால்?

பதில்: கவனமாக வாங்கியவருக்குச் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. தக்க எச்சரிக்கையோடு வாங்கினோம், சந்தேகப்படக் காரணம் இல்லை, கேட்டவுடன் விற்றவரின் விவரத்தைக் கொடுத்தோம் என்று காட்டினால் தப்பலாம். காட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது. பில் இல்லாமல் வண்டியிலிருந்து இறக்கிய சரக்குக்கு எதைக் காட்டுவது? மூட்டைக்குச் சில ரூபாய் மிச்சம் பார்த்து, கடையையே பணயம் வைக்கலாமா?

கேள்வி: எந்தக் காவலரும் வந்து சரக்கை எடுக்கலாமா?

பதில்: வாரண்ட் இல்லாமல் சோதனையிட, துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முன்னதாகப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். சரக்கை எடுத்துப் போனால், 15 நாட்களுக்குள் நீதித்துறை நடுவரிடம் திரும்பக் கேட்டு மனுச் செய்யலாம்.

நம் சொந்தப் பெயர்

சாம்பார்ப் பொடி, கடலை எண்ணெய், சேமியா என்று சொந்தப் பெயரில் பொட்டலம் போடும் உறுப்பினர்கள் பலர் உண்டு. பெயரைப் பதிவு செய்துகொள்வது நல்லது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகைச் சரக்குக்கு ரூ.4,500 கட்டணம். அதற்கு முன், அதே பெயர் வேறு யாருக்கேனும் இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பதிவுக்கு முன் ‘டி.எம்.’ என்று போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்துப் போடக் கூடாது.

எல்லாச் சொல்லும் தனிச் சொத்தாகாது. நூடுல்ஸ் விற்கும் இரு பெரிய கம்பெனிகள் ‘மேஜிக் மசாலா’, ‘மேஜிக்கல் மசாலா’ என்ற பெயர்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதின. ‘மேஜிக்’ என்பது சரக்கைப் புகழும் பொதுச் சொல், அதை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று 2020 ஜூனில் வழக்குத் தள்ளுபடியானது. ‘நயம்’, ‘ஸ்பெஷல்’, ‘சுத்தம்’ போன்ற சொற்களை மட்டும் நம்பிப் பெயர் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பதிவு செய்யாத பழைய கடைகள் பயப்பட வேண்டியதில்லை. நமக்குப் பின்னால் பெயர் வைத்து, நமக்குப் பின்னால் பதிவு வாங்கிய ஒருவர் நம்மைத் தடுக்க முடியாது என்கிறது வணிகச் சின்னச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. ஆனால் எந்த ஆண்டு முதல் விடாமல் விற்கிறோம் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தக் காலத்துப் பில் புத்தகமும் லேபிளும்தான் சான்று.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

1. சரக்கின் பெயர் குறிப்பிட்ட பில் இல்லாமல் எந்தச் சரக்கும் இறக்க வேண்டாம்.

2. ‘சேலம் ஜவ்வரிசி’ என்று பொட்டலத்தில் அச்சிடும் முன், ஆலை குறியீட்டின் எல்லைக்குள் உள்ளதா, அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா என்று கேட்டு, எழுத்து மூலம் பெற்றுக்கொள்க.

3. பிரபலமான பெயரை ஓரெழுத்து மாற்றி வரும் மலிவுச் சரக்கைத் திருப்பி அனுப்புக.

4. சொந்தப் பெயரின் முதல் பில், முதல் லேபிள், அச்சகத்து ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக.

5. சட்ட நோட்டீஸ் வந்தால் மேஜையில் போட்டு வைக்காமல் உடனே வழக்கறிஞரைப் பார்க்க.

ஒரு வியாபாரி தொடங்கிய தொழில் இன்று ஊரின் பெயரில் பதிவாகி நிற்கிறது. அந்தப் பெயரை நம்பித்தான் வடநாட்டு வியாபாரி முகம் பாராமல் ஆர்டர் போடுகிறார். அதைக் காப்பதில் ஆலைக்காரருக்கு உள்ள பங்கு, தராசு பிடிக்கும் நமக்கும் உண்டு.